தெரிந்த குரல்

அத்தியாயம் 14

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் முதன்முறையாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. மற்றவர்கள் அதற்குள் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

லிப்ட் மெக்கானிக்குக்கு இரண்டு பெண்கள். மனைவி இறந்து வெகுநாள் ஆகிறது. பெரியவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஒன்பது வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். சின்னவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்தாளுநர். ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிற பத்து நிமிஷமும் அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டே போவாள். அக்காவின் போனில் அப்படிச் சேர்ந்தவை ஆயிரத்துக்கு மேல்.

மூன்று மாதத்துக்கு முன், சின்னவளின் குரலில் ஓர் ஒலிப்பதிவு ஊரெல்லாம் சுற்றியது. "இந்தக் கதையைக் கேளேன். வயசானவங்களுக்கெல்லாம் தேதி முடிஞ்ச மாத்திரையைத்தான் தள்ளிவிடுறேன். அட்டையைத் திருப்பி யார் பார்க்கப்போறா?" என்று சொல்லிச் சிரிக்கும் குரல். அவள் அப்படிப் பேசியதே இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் சமைத்த குரல் அது. ஆஸ்பத்திரி நிர்வாகம் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டது.

'இந்தக் கதையைக் கேளேன்' என்று அவள் அக்காவிடம் மட்டும்தான் ஆரம்பிப்பாள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அது அக்கா புருஷனிடம் போய் நின்றது. கண்காணிப்புக் கேமரா பொருத்துவது மாப்பிள்ளையின் தொழில். பெண்டாட்டி எங்கே போகிறாள், வருகிறாள் என்று வேவு பார்க்க அவள் போனிலேயே ஒரு செயலியைப் போட்டு வைத்திருந்தார். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் சின்னவள். அந்தக் கோபத்தைத்தான் இப்படித் தீர்த்துக்கொண்டார்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளைத் தாத்தா வீட்டில் விட வந்த மாப்பிள்ளை, தான் செய்ததைச் சமையலறையில் சின்னவளிடம் தானாகவே வாய்விட்டுச் சொன்னார். கைப்பிடித் துணிக்கு அடியில் அவளுடைய போன் பதிவு செய்துகொண்டிருந்தது. நாற்பத்தேழு விநாடி. அந்தப் பதிவும், ஊரைச் சுற்றிய பொய்ப் பதிவும் ஆய்வகத்துக்குப் போயின.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சைபர் குற்றப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அறிக்கை வந்துவிட்டதாம். நேரில் வரச் சொன்னார்கள்.

அப்பா சட்டை மாற்றிக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகக் கிளம்பியிருந்த நீலச் சட்டையிலேயே, பையில் ஸ்க்ரூ டிரைவரோடு, மகளுடன் புறப்பட்டார். ஒரு துணிக்கடையில் கதவு மூடாத லிப்ட் காத்திருந்தது. அவர்களுக்குப் போன் செய்து மதியம் வருவதாகச் சொல்லிவிட்டார்.

படியிறங்கும்போது கீழ் வீட்டு அம்மா எதிரே வந்தார். ஆறு வருஷமாக, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சின்னவளைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டவர். கையில் மருந்துக் கவர் இருந்தது. சின்னவளைப் பார்த்ததும் அந்தக் கை தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று. போன கையை இழுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல், "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார், காலை ஒன்பதரை மணிக்கு. சின்னவள் ஆச்சு என்றாள்.

சைபர் குற்றப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அப்பா கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கதவுச் சென்சார்தான், கால் மணி நேரத்தில் சரி செய்துவிடலாம் என்று காவலாளியிடம் சொன்னார். அதற்கும் ஒரு ஃபைல் போயிருக்கிறது, எட்டு மாசமாகத் திரும்பி வரவில்லை என்றார் காவலாளி. படியேறினார்கள்.

விசாரணை அதிகாரிக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். அறையில் நாலு மேசை. ஆள் இருந்தது இரண்டில். ஃபைல்களைப் போன் வந்த அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதிகாரி நல்ல பெண்மணி. போன தடவை சின்னவள் அழுதபோது பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றவர்.

அறிக்கை பன்னிரண்டு பக்கம். அதிகாரி நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தார்.

பதிவு ஒன்று: இயந்திரத்தால் உருவாக்கப்பட்டதா என்பதை உறுதியாகக் கூற இயலவில்லை.

பதிவு இரண்டு: இயந்திரத்தால் உருவாக்கப்பட்டதா என்பதை உறுதியாகக் கூற இயலவில்லை.

சின்னவள் இரண்டு தடவை படித்தாள். அச்சுப்பிழையோ என்று முதலில் நினைத்தாள். மேலே உள்ள வரியையே கீழேயும் நகலெடுத்து ஒட்டிவிட்டார்களோ என்று. அதிகாரி விளக்கினார். முதல் பதிவு ஆயிரக்கணக்கான கை மாறி, ஒவ்வொரு தடவையும் சுருங்கிச் சுருங்கி வந்திருக்கிறது. ஆய்வு செய்யத் தேவையான நுணுக்கம் எதுவும் அதில் மிச்சமில்லை. இரண்டாவதில் துணி மூடியிருக்கிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, மின்விசிறி சுற்றுகிறது.

"பொய்க்கும் உண்மைக்கும் ஒரே ரிப்போர்ட்டா மேடம்?" என்றார் அப்பா.

"ஆய்வகத்துக்குப் பொய், உண்மை தெரியாதுங்க. சத்தம்தான் தெரியும்."

அப்புறம் இன்னொரு காகிதத்தை எடுத்தார். மாப்பிள்ளையின் வக்கீல் அனுப்பியது. அதில் ஒரு பத்தியைச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்கள். தன்னுடைய குரலை இயந்திரம் செய்ய முடியும் என்று புகார் கொடுத்தவரே சொல்கிறார். அப்படியானால் என் கட்சிக்காரரின் குரலையும் இயந்திரம் செய்திருக்க முடியும் என்பதை அவர் மறுப்பது எப்படி? என் கட்சிக்காரரின் குரலும் மைத்துனியின் போனில் ஏராளமாக இருக்கிறது.

சின்னவளுக்கு அந்தப் பத்தியில் குற்றம் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். அதிகாரி தம்மிடம் இருப்பதை மறைக்காமல் சொன்னார். கடவுச்சொல்லைத் திருடினால் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. படத்தைத் திருடினால் இருக்கிறது. குரலை எடுத்து இன்னொரு பேச்சைப் பேச வைத்தால் அதற்கென்று தனியாக எதுவும் இல்லை. ஆள்மாறாட்டம், அவதூறு என்று இரண்டு மூன்றை ஒட்டுப்போட்டுத்தான் வழக்கை நிற்க வைக்க வேண்டும். பதிவு முதலில் ஏறிய கணக்கு, இறந்துபோன ஒருவரின் போன் எண்ணில் திறந்தது. அந்தக் கணக்கு இருக்கும் செயலியின் நிறுவனம் வேறு தேசத்தில். இரண்டு கடிதம் போயிற்று. இரண்டுக்கும், உங்கள் கடிதம் கிடைத்தது என்று இயந்திரம் பதில் போட்டது. மாப்பிள்ளையின் கணினியைக் கொண்டுவந்து பார்த்தார்கள். துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"முன்னெல்லாம் ஒரு குற்றம் வந்தா, இதைச் செய்யத் தெரிஞ்சவன் யாருன்னு தேடுவோம்" என்றார். "பத்துப் பேர்தான் தேறுவாங்க. இப்போ எல்லாராலயும் முடியுது. அதனால, இவங்களை யாருக்கு ஆகாதுன்னு தேடுறோம். அந்தத் தேடல் முக்கால்வாசி வீட்டுக்குள்ளதாம்மா போய் நிக்குது. வீட்டுக்குள்ள போனா எனக்குச் சாட்சி கிடைக்காது."

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. குரலை நன்றாகத் தெரிந்த ஒருவர் கேட்டுவிட்டு, இது இன்னாருடைய பேச்சுத்தான் என்று சொன்னால், அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். நான் சொல்கிறேன் என்று அப்பா எழுந்தேவிட்டார். அதிகாரி உட்காரச் சொன்னார். புகார் கொடுத்தவளின் அப்பா சொல்வதை எதிர்த்தரப்பு ஒரு நிமிஷத்தில் கிழித்துப் போட்டுவிடும். பெண்டாட்டி சொன்னால்தான் எடுபடும். அவளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது, அவளாக மனது வைத்துச் சொன்னால் உண்டு.

"பதினொன்றரைக்கு உங்க அக்காவை வரச்சொல்லியிருக்கேன்" என்றார். "அவங்க சொன்னா நான் வழக்கை நகர்த்துறேன். சொல்லலைன்னா திங்கட்கிழமை, மேல்நடவடிக்கைக்கு வழியில்லைன்னு எழுதி மூடணும். இந்தப் பெட்டியெல்லாம் பாருங்க. எனக்கும் வேற வழியில்லை."

திங்கட்கிழமைதான் சின்னவளின் மருந்தாளுநர் உரிமம் பற்றிய விசாரணையும்.

பெரியவள் சரியாகப் பதினொன்றரைக்கு வந்தாள். தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். கல்யாணத்துக்கு முன் கட்டட வரைபடம் வரைகிற அலுவலகத்தில் இருந்தவள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அதட்டிப் பேசுவாள். அந்தப் பெரியவளைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று அப்பாவுக்கு நினைவில்லை. வந்தவள் தங்கையைப் பார்க்காமல், அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தனியாகத்தான் வந்தீர்களா என்று அதிகாரி கேட்டார். அவர் கீழே காரில் இருக்கிறார் என்றாள்.

அதிகாரி ஹெட்போனைக் கொடுத்தார். மற்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் சின்னவளுக்கு அந்த நாற்பத்தேழு விநாடியும் மனப்பாடம். அக்காவின் முகத்தைப் பார்த்தே எந்த இடம் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

முதலில் தண்ணீர் சத்தம். பிறகு மாப்பிள்ளையின் குரல், எப்போதும் போல மென்மையாக, யாருக்கோ நல்லது சொல்கிற மாதிரி: "உன் அக்கா போன்ல உன் குரல் கொட்டிக் கிடக்கு. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகலை. இனிமே நீ அவகிட்ட என்ன சொன்னாலும், அவ முதல்ல என்னைப் பார்ப்பா. அதுக்குத்தான் செஞ்சேன்."

பெரியவளின் விரல் மேசை விளிம்பில் ஒரு கோடு இழுத்தது. நேர்கோடு. திரும்ப அதன்மேலேயே இழுத்தது.

இன்னொரு தடவை போடச் சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுருட்டி, ஒழுங்காக வைத்தாள்.

"இது யாரோட குரல்?" என்று அதிகாரி கேட்டார்.

"அவரோட குரல் மாதிரி இருக்கு."

"மாதிரின்னா?"

"குரல் அவரோடதுதான் மேடம். அவர் பேசினாரான்னு எனக்குத் தெரியாது."

பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தாள். அன்றைக்கு ஊரைச் சுற்றிய பதிவிலும் தங்கையின் குரல்தான். ஆனால் அவள் பேசவில்லை என்று எல்லாரும் சொன்னீர்கள், நானும் நம்பினேன். இப்போது இது மட்டும் அவர் பேசியது என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிற குழந்தையின் குரலில் இதையெல்லாம் சொன்னாள். வக்கீல் கடிதத்தில் இருந்த வரி இது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அவள் சொன்னதில் பொய் இருந்ததா என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அதிகாரி எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். பெரியவள் கையெழுத்துப் போட்டாள்.

சின்னவள் சண்டை போடுவாள் என்று அப்பா பயந்தார். அவளோ படியில் இறங்கும்போது, நீ சாப்பிட்டாயா என்று மட்டும் அக்காவைக் கேட்டாள். பெரியவள் தலையசைத்தாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில், கீழே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தங்கையின் மணிக்கட்டை ஒரு தடவை பிடித்துவிட்டு விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கி நின்றிருந்தார். மாமனாரைப் பார்த்ததும் கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்களே மாமா. சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேனே."

அப்பாவின் கை பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர்மேல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக இந்த மனிதருக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய், பரவாயில்லை மாப்பிள்ளை என்று தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதற்காக அன்று முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை சின்னவளிடம் திரும்பி, உடம்பு ரொம்ப இளைத்துவிட்டது, நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். பெரியவளுக்காகக் கார் கதவைத் திறந்து பிடித்தார். வழியில் போன இரண்டு பெண்கள் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எவ்வளவு பாந்தமான புருஷன் என்று நினைத்திருப்பார்கள்.

மதியம் அப்பா துணிக்கடைக்குப் போனார். சின்னவள் வீட்டில் தனியாக இருந்தாள்.

திங்கட்கிழமை என்ன சொல்வது என்று எழுதிப் பார்க்க உட்கார்ந்தாள். 'நான் அப்படிப் பேசவில்லை' என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. ஏழு வருஷ வேலையில் காலாவதித் தேதிக்கென்று தனி நோட்டுப் போட்டு வைத்தவள் அவள். ஒரு அட்டையைக்கூட விடாமல் பார்த்து, மாதக் கடைசியில் திருப்பி அனுப்புவாள். அந்த நோட்டு மருந்தகத்தில் இருந்தது. அங்கே அவளை உள்ளே விடமாட்டார்கள். கூட வேலை செய்த பெண்ணுக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் எடுத்து, இப்போது கூட்டமாக இருக்கிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்றாள். மூன்று மணிக்கு மருந்தகத்தில் கூட்டம் இருக்காது என்று இருவருக்குமே தெரியும்.

பிறகு, செய்யக்கூடாது என்று அதிகாரி சொல்லியிருந்ததைச் செய்தாள். அந்தப் பொய்ப் பதிவைப் போட்டுக் கேட்டாள். சிரிப்புக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. அவள் மூச்சுத்தான். 'அட்டையை' என்பதில் 'ட்டை'யை அழுத்துவது அவள் வழக்கம்தான். ஏழாவது தடவை கேட்கும்போது, எப்போதாவது, வேறு எதையோ பற்றி, விளையாட்டாக இப்படிச் சொல்லித் தொலைத்தோமோ என்று தோன்றிவிட்டது. போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு முகம் கழுவப் போனாள். கண்ணாடியைப் பார்த்து, நான் சொல்லவில்லை என்று வாய்விட்டுச் சொன்னாள். அதுவும் பதிவில் வந்த குரலாகவே இருந்தது.

அப்பா ஐந்தரைக்கு வந்தார். லிப்ட் சரியாகிவிட்டது என்றார். அதற்குமேல் அவரிடமும் செய்தி இல்லை. இருவரும் ஆளுக்கு ஒரு தட்டை வைத்துக்கொண்டு பசியில்லாமல் சாப்பிட்டார்கள்.

ஆறேகாலுக்கு அழைப்புமணி அடித்தது.

வாசலில் பெரியவள். இடுப்பில் நாலு வயதுக்காரி. பக்கத்தில் பள்ளிச் சீருடையிலேயே மூத்தவள். பின்னால் ஒரு பெட்டி. மூடி சரியாக மூடாமல் ஒரு பாவாடை ஓரம் வெளியே தொங்கியது. அவசரத்தில் அடைத்த பெட்டி. அவர் ஒரு கடைக்குக் கேமரா மாட்டப் போயிருக்கிறார், அதற்குள் வந்துவிட்டேன், போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்றாள். மூச்சு வாங்கியது. பஸ் பிடிக்காமல் குறுக்குச் சந்துகளில் நடந்தே வந்திருந்தாள்.

அப்பா பெட்டியை உள்ளே எடுத்து வைத்தார். வந்தது ஏன் என்று கேட்கவில்லை. குழந்தைகளுக்கு ரொட்டியும் பாலும் எடுத்து வைத்துவிட்டு, வாசல் கதவுக்கு மேல்தாழ்ப்பாளும் போட்டார்.

சின்னவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அக்கா வந்துவிட்டாள் என்றால் தெரிந்துதான் வந்திருக்கிறாள். இன்றைக்கு வியாழன். நாளைக் காலையில் போய் ஒரு வரி சொன்னால் போதும். வழக்கு நகரும். திங்கட்கிழமை அவள் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டியதில்லை.

உள் அறையில் பெரியவள் பாவாடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கட்டிலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, அது அத்தான் பேசினதுதானே?"

பெரியவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அதை மட்டும் கேட்காதடி."

"நீ யார்கிட்டயும் சொல்ல வேணாம். என்கிட்ட சொல்லு."

"உன்கிட்ட சொன்னா, நாளைக்கு அங்கேயும் சொல்லணும். அவங்கப்பாவை நான்தான் ஜெயில்ல போட்டேன்னு இதுங்க ரெண்டும் வளரும்." சின்னக் குழந்தையின் சட்டையை நீவி, கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். "கேட்காம இருந்தா நான் இங்கேயே இருந்துடுறேன். நீ கேட்டேன்னா, திரும்பிப் போயிடுவேன். என்னால ஏதாவது ஒண்ணுதான் முடியும்."

இந்த வீட்டில் யாரும் சின்னவளை இதுவரை பேசாதே என்று சொன்னதில்லை. எதிரே அக்கா இருந்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, உயிரோடு, கைக்கெட்டும் தூரத்தில். தன் பெயரை மீட்கக்கூடிய ஒரே ஆளும் அவள்தான். இரண்டு பேரையும் ஒரே கட்டிலில் வைத்துக்கொள்ள முடியாது என்று புரிந்தபோது, சின்னவள் ஒரு பாவாடையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

கூடத்தில் அப்பாவின் போன் அடித்தது.

எண்ணைப் பார்த்ததும் அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். உள் அறை வாசலில் இரண்டு பெண்களும் வந்து நின்றார்கள். எடுக்காவிட்டால் சந்தேகம் வரும். எடுத்தார். வேலை முடிந்ததா, சாப்பிட்டீர்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, மாப்பிள்ளை அதே தணிந்த குரலில் கேட்டார்.

"அவங்க அங்க வந்தாங்களா மாமா?"

நாற்பது வருஷமாக, லிப்ட் ஓடும், ஓடாது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகியவர் அப்பா.

"இல்லையே மாப்பிள்ளை. இங்க யாரும் வரலை."

அந்த நேரம் பார்த்து மேசையடியில் இருந்த சின்னக் குழந்தைக்குப் பால் டம்ளரில் ரொட்டி முழுகியது வேடிக்கையாகப் போயிற்று. கலகலவென்று சிரித்தது. பெரியவள் பாய்ந்து அதன் வாயைப் பொத்தினாள்.

அப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சரி மாமா" என்றார் மாப்பிள்ளை. "ஏதோ குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. எந்த வீட்டுக் குழந்தையோ."